இரைச்சல் என்று சொல்வதற்கு முன்



சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினார். கீழ்வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார். மேலே யாரோ உலக்கை போட்டு இடிப்பதுபோல் ஒரு மணி நேரமாகச் சத்தம் வருகிறது, என்ன சமாசாரம் என்று கேட்டு வரச் சொன்னாராம்.

எங்கள் வீட்டில் உலக்கை கிடையாது. இருப்பது என் மகள்வயிற்றுப் பேரனும் அவனுடைய ஒலிப்பதிவுச் சாமான்களும்தான். அவனுக்கு வயது 17. இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம். அவனைப் பிடித்திருக்கும் பைத்தியத்துக்கு ஹிப்ஹாப் என்று பெயர். பாடுவது மட்டுமல்ல, தாளம் கட்டுவது, பின்னணி சேர்ப்பது, பதிவு செய்வது எல்லாம் அவனே. அப்படிச் செய்கிறவரை அவர்கள் புரொட்யூசர் என்கிறார்கள். படத்துக்குப் பணம் போடுகிறவரைத்தான் நாம் அப்படிச் சொல்லிப் பழக்கம். இவர்கள் உலகத்தில் பாட்டின் அஸ்திவாரத்தைப் போடுகிறவருக்கு அந்தப் பெயர்.

வாட்ச்மேன் போனதும் என் மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "எல்லாத்தையும் வித்துடலாம்ப்பா. முதல்ல பரீட்சை, அப்புறம் பாட்டு."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தேன். கேட்டதல்ல, சொன்னது. 1996-ல் அவளுக்கு 12 வயது. ஆபிட்ஸில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கேசியோ கீபோர்டைக் காட்டிக் கேட்டாள். நான் சொன்ன பதில் அதுதான். பரீட்சைகள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. பாட்டு மட்டும் வரவே இல்லை. அதை அவள் ஒருநாளும் என்னிடம் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் வார்த்தை மாறாமல் தன் பிள்ளையிடம் சொல்கிறாள்.

அன்று நான் வாயை மூடிக்கொண்டு பேரனின் அறைக்குள் போனேன். அங்கே பார்த்ததையும் பிறகு தெரிந்துகொண்டதையும் வைத்து எனக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பெட்டிகளோடு செய்வது வீண் வேலை அல்ல. அது ஒரு கைத்தொழில். அதைவிட முக்கியமாக, நம் வகுப்புகளால் அவர்கள் வாயில் ஏற்ற முடியாத தமிழை அந்தப் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஆகவே நாம் அவற்றை விற்கக் கூடாது. இடம் கொடுக்க வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது.

சிக்னல்காரனுக்குத் தெரிந்த சங்கதிகள்

என்னைப் பற்றி இரண்டு வரி. தரமணி பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, 1979-ல் தென்மத்திய ரயில்வேயில் சேர்ந்து, சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். சங்கீத ஞானம் கிடையாது. ஒயரும் எர்த்தும் தெரியும்.

அறைக்குள் போனதும் பேரன் ஹெட்போனை என் காதில் மாட்டினான். "தாத்தா, நான் பேசறதுக்குப் பின்னால 'ம்ம்ம்'னு ஒண்ணு கேக்குது பாருங்க. மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிறேன், போகமாட்டேங்குது."

எனக்கு அது பழைய சிநேகிதன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம். 25,000 வோல்ட் மின்பாதை ஓரமாக மண்ணுக்குள் போகும் ரயில்வேத் தொலைபேசிக் கேபிளில் இதே சத்தத்தோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். அங்கே நாங்கள் செய்வது என்ன? பேச்சை ஒரு ஜோடிக் கம்பியில் எதிரெதிர்த் திசையில் ஓடவிடுவோம். வெளியிலிருந்து ஏறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் அடிபட்டுப் போகும், பேச்சு மட்டும் மிஞ்சும். நல்ல மைக்குகளில் மூன்று ஊசி வைத்த பிளக் இருப்பது இதற்காகத்தான். இரண்டு ஊசி பேச்சுக்கு, ஒன்று கவசத்துக்கு.

பேரன் காசு மிச்சம் பிடிப்பதற்காக ஒற்றைக் கம்பி ஒயரைப் போட்டிருந்தான். அதையும் மின்சாரப் பலகை ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தான். டெஸ்டரை எடுத்துப் பார்த்தால், அந்த அறையின் பிளக் பாயின்ட்டில் எர்த் ஒயரே சேர்க்கப்படவில்லை. வீடு வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது! பாட்டுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகவாவது பார்த்திருக்க வேண்டிய விஷயம். எர்த்தைச் சேர்த்தோம். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் செருகினோம். மூன்று ஊசி ஒயர் வாங்கி, மின்சார ஒயரைவிட்டுத் தள்ளி ஓட்டினோம். ரீங்காரம் போய்விட்டது. பையன் என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. நான் கட்டிய சிக்னல்களுக்குக்கூட அவன் அந்த மரியாதையைத் தந்ததில்லை.

இனி கீழ்வீட்டு உலக்கைச் சத்தம். அந்தத் 'தொம்' ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அதிர்வு. காற்றில் அதன் அலைநீளம் சுமார் 7 மீட்டர். நம் அறையின் நீளமே அவ்வளவு கிடையாது. பலர் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டுகிறார்களே, அதற்கு இந்த அதிர்வைத் தடுக்கும் சக்தி இல்லை. ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் கான்கிரீட் தளமே மத்தளத் தோலாகிவிடும். தரையை விட்டு உயர்த்தி, அடியில் ரப்பர் வைத்தோம். இரவு 8 மணிக்கு மேல் ஹெட்போன்தான் என்று விதி போட்டோம். அதன்பின் புகார் வரவில்லை. பேசும்போது சுவரில் மோதித் திரும்பும் எதிரொலிக்குப் பழைய பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிறுத்தினால் போதும்.

வீட்டில் பதிவு செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு இன்னொரு யோசனை. கடையில் எல்லோரும் கன்டென்சர் மைக்கைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மெல்லிய சவ்வும் ஒரு தகடும் சேர்ந்த மின்தேக்கி அது. பேச்சு போகும் ஒயரிலேயே 48 வோல்ட் அனுப்பி அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் 'பாண்டம்' என்று பெயர் என்றதும் சிரித்துவிட்டேன். இரண்டு ஜோடிக் கம்பிகளில் மூன்றாவதாக ஒரு பேச்சை அனுப்பும் எங்கள் பழைய தந்தை வழி வித்தைக்கும் பாண்டம் என்றுதான் பெயர். அந்த மைக் நுட்பமானது. ஆனால் மூன்றாம் வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்துப் பிடிக்கும். நம் போன்ற அடுக்குமாடி வாசிகளுக்குக் காந்தமும் சுருளும் கொண்ட சாதாரண டைனமிக் மைக்கே உத்தமம். வாயருகே வைத்துப் பேசினால் ஊர்ச் சத்தம் ஏறாது.

படிப்புக்காக வாங்கிய லேப்டாப் ஏற்கெனவே இருந்தது. மைக், அதை லேப்டாப்போடு சேர்க்கும் யு.எஸ்.பி பெட்டி, ஹெட்போன், விரலால் தட்டித் தாளம் போடும் ரப்பர் கட்டைகள் வைத்த ஒரு சின்னக் கருவி எல்லாம் சேர்த்து அவனுக்கு 24,000 ரூபாய் ஆயிற்று. பாதி அவன் சேர்த்தது. மீதி, மகளுக்குத் தெரியாமல் என் பென்ஷன். இந்தக் கட்டுரையின் மூலம் அதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பத்தே நொடி ஞாபகம்

இந்தத் தாளப் பெட்டிகளின் சரித்திரத்தைப் பேரன் சொல்லக் கேட்டபோது, ஓய்வுபெற்ற எனக்கே மறுபடி வேலைக்குப் போகலாமா என்று தோன்றியது.

எங்கள் தொலைபேசியில் டிஜிட்டல் முறை வந்தபோது பேச்சை நொடிக்கு 8,000 தடவை அளந்து எண்களாக மாற்றுவார்கள். பேச்சுக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது. காம்பாக்ட் டிஸ்கில் நொடிக்கு 44,100 அளவுகள். அமெரிக்காவில் 1987-ல் எஸ்.பி-1200 என்று ஒரு பெட்டி வந்தது. எந்தச் சத்தத்தையும் பதிந்துகொண்டு, விரலால் தட்டினால் திருப்பித் தரும். அளவு நொடிக்குச் சுமார் 26,000. எங்கள் தொலைபேசிக்கும் காம்பாக்ட் டிஸ்குக்கும் நடுவில். அதன் மொத்த ஞாபக சக்தி பத்தே பத்து நொடி! கணக்குப் போட்டால் 400 கிலோபைட்டுக்கும் குறைவு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்.

அந்தப் பத்து நொடியை வைத்துக்கொண்டு நியூயார்க் பையன்கள் முழுப் பாட்டுகளைக் கட்டினார்கள். எப்படி? 33⅓ சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் வேகமாக ஓடவிட்டுப் பதிவது. பிறகு பெட்டிக்குள் அதை மெதுவாக்கிப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவது. 45-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 1.35. ஆக 10 நொடியில் 13.5 நொடிச் சரக்கு! மெதுவாக்கும்போது ஒலி கொஞ்சம் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பையே பிறகு அழகு என்று உலகம் கொண்டாடியது. இருக்கிற சொற்ப வசதியில் வேலையை முடித்துக் காட்டுவது எந்த டிப்ளமாக்காரனுக்கும் பிடித்த விஷயம்.

அடுத்து 1988-ல் ஜப்பானின் அகாய் நிறுவனத்துக்காக ரோஜர் லின் என்ற அமெரிக்கர் வடிவமைத்த எம்.பி.சி-60. நாலுக்கு நாலாக 16 ரப்பர் கட்டைகள். லின் அடிப்படையில் கிட்டார் வாசிப்பவர். நிஜ டிரம் ஒலிகளையே மாதிரியாகப் பதிந்து வைத்துத் திருப்பித் தரும் முதல் தாளக் கருவியை 1980-லேயே செய்தவர். சொந்தக் கம்பெனி 1986-ல் மூடப்பட்ட பிறகு அகாயோடு சேர்ந்தார். அவர் சேர்த்த வித்தை 'ஸ்விங்'. ஒரு தட்டை இரண்டாகப் பிரித்தால் இயந்திரம் 50-50 என்று சரிபாதியாகத்தான் பிரிக்கும். கேட்பதற்கு மரக்கட்டை மாதிரி இருக்கும். அதை 54, 58 என்று கொஞ்சம் சாய்த்தால் நடையில் உயிர் வரும். 66-க்குக் கொண்டுபோனால் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது நம் மிருதங்கக்காரர்கள் சொல்லும் திஸ்ர நடையின் சாய்வு.

டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா என்பவர் அந்தச் சாய்வைக்கூட இயந்திரத்தின் பொறுப்பில் விடவில்லை. தன் விரல் முந்துவதையும் பிந்துவதையும் அப்படியே வைத்துப் பின்னணிகள் செய்தார். 2006-ல் 32-ஆவது வயதில் இறந்துபோனார். அவர் உபயோகித்த எம்.பி.சி-3000 பெட்டி இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வீட்டில் விற்றுவிடலாமா என்று பார்க்கப்படும் சாமானின் அண்ணன், அங்கே கண்ணாடிப் பேழைக்குள்!

ஸ்விங்கைப் பற்றிக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ரயில்தான். முன்பெல்லாம் 13 மீட்டர் தண்டவாளங்களை இணைப்புத் தகடு வைத்து முடுக்கியிருப்பார்கள். ஒவ்வோர் இணைப்பிலும் போகியின் இரண்டு ஜோடிச் சக்கரங்கள் அடுத்தடுத்துத் தட்டும். அவற்றுக்கிடையே உள்ள தூரம் சுமார் 2.9 மீட்டர். ஆகவே 'தடக்-தடக்', ஓர் இடைவெளி, மறுபடி 'தடக்-தடக்'. நீண்ட பற்றவைத்த தண்டவாளங்கள் வந்த பிறகு அந்தத் தாளம் பெரும்பாலான பாதைகளில் மறைந்துவிட்டது. பேரனுக்கு அது புதுச் செய்தி. "தாத்தா, அதை 90-ல போடலாம்" என்றான். நிமிஷத்துக்கு 90 தட்டு என்று அர்த்தம். நான் பேப்பரில் கணக்குப் போட்டேன். 13 மீட்டர் தண்டவாளத்தில் நிமிஷத்துக்கு 90 இணைப்பு வர, வண்டி மணிக்கு 70 கிலோமீட்டரில் ஓட வேண்டும். ஒரு சாதாரண பாசஞ்சர் வண்டி நல்ல பாதையில் ஓடும் வேகம். மேஜையில் எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து, நான் தட்ட அவன் பதிந்தான். என் 40 வருஷ உத்தியோகம் பற்றி அவன் கேட்ட முதல் கேள்விகள் அன்றுதான் பிறந்தன.

குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகள்

'இது நம்ம சங்கீதமா?' என்று சிலர் கேட்கலாம். இது யாருடைய சங்கீதம் என்று பார்ப்போம்.

ஹிப்ஹாப் பிறந்த நாளாக 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்கிறார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறை. தங்கைக்குப் பள்ளி திறக்கும் சமயத்தில் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று வைத்த விருந்து. இரண்டு இசைத்தட்டுக் கருவிகளை வைத்து, ஒரே தாளத் துண்டை மாற்றி மாற்றி நீட்டிய பையன் டி.ஜே. கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து சிறுவயதில் பெற்றோரோடு பிழைக்க வந்தவன். நம்மைப் போலக் குடிபெயர்ந்த குடும்பம்.

அவர்கள் கையில் வந்த கருவிகளும் ஒதுக்கப்பட்டவைதான். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980-ல் டி.ஆர்-808 என்ற தாளப் பெட்டியை வெளியிட்டது. நிஜ டிரம் மாதிரி இல்லை என்று பெரிய இசைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-ல் உற்பத்தி நின்றது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால் ஏழைப் பையன்கள் வாங்கினார்கள். கீழ்வீட்டுக்காரரைத் தூங்கவிடாத அந்தத் 'தொம்' அந்தப் பெட்டியின் வாரிசுதான். அதே பெட்டியை மும்பை சினிமா கிட்டார் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-லேயே வாங்கி, பத்து ராகங்களை வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று யாரும் சீந்தவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோது உலகமே வியந்தது. அவர் 2015-ல் காலமானார்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வருவோம். போரினால் 1986-ல் யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு லண்டனுக்கு அகதியாகச் சென்ற ஒரு சிறுமி மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். சிநேகிதியிடம் இரவலாக வாங்கிய ரோலண்ட் எம்.சி-505 என்ற தாளப் பெட்டி, ஒரு பழைய நாலு தடக் கேசட் பதிவுக் கருவி, ஒரு மைக். இவ்வளவுதான் மூலதனம். முறையாக இசை படித்தவர் அல்ல. அப்படி உருவான பாட்டுகளிலிருந்து 2005-ல் 'அருளர்' என்ற தொகுப்பு வந்தது. தந்தையின் இயக்கப் பெயர் அது. 2007-ல் வந்த அடுத்த தொகுப்புக்குத் தாயின் பெயர், 'கலா'. அதற்காகத் தமிழ்நாட்டுக்கே வந்து உறுமி மேளத்தைப் பதிந்து கொண்டுபோனார். அவர் பேச்சு எல்லாம் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறுமி அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் அந்த இரவல் பெட்டி.

மலேசியாவில் யோகி பி-யும் நட்சத்திரா குழுவினரும் 2006-ல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்து, தமிழில் ராப் பாட முடியும் என்று காட்டினார்கள். அவர்களும் கடல் கடந்து போன குடும்பங்களின் வாரிசுகளே. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. ராத்திரி பகலாக, யாருடைய வாடகைக் கடிகாரத்துக்கும் பயப்படாமல், திரும்பத் திரும்பச் செய்து பார்க்க ஓர் அறை இருந்தது. நான் கேட்பதும் அந்த அறையைத்தான்.

ழகரமும் மைக்கும்

பேரன் நம் சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு இரண்டு வருஷம் வந்தான், நின்றுவிட்டான். தமிழ் பேசுவான், எழுத்து வராது. தன் ராப் வரிகளைத் தெலுங்கு எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருக்கிறான். அதைப் பார்த்து எனக்கு முதலில் வருத்தம்தான்.

ஆனால் ஹெட்போன் போட்டுக் கேட்டபோது வேறொன்று தெரிந்தது. நேரில் பேசும்போது 'மழை'யை 'மளை' என்றால் நாம் கண்டுகொள்வதில்லை. மைக் விடாது. தன் வாயிலிருந்து வந்த தப்பு தன் காதிலேயே பெரிதாக விழும். 'மழை' என்ற ஒரே வார்த்தையை அவன் 11 தடவை திரும்பப் பதிந்தான். எந்த வாத்தியாராவது ஒரு பிள்ளையை 11 தடவை சொல்லவைக்க முடியுமா?

இன்னொரு நாள், 'தண்டவாளம்' என்ற சொல்லுக்கு இசைந்து வரும் சொற்கள் வேண்டும் என்றான். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை, முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை என்று சொன்னேன். கண்டது, வண்டி, மண்டபம், சண்டை என்று அடுக்கினோம். "இங்கிலீஷ்ல வரிக் கடைசியில பார்ப்பாங்க, நீங்க முன்னாடியே பார்க்கிறீங்களே!" என்று ஆச்சரியப்பட்டான். வகுப்பில் தூங்கவைத்த பாடம், தாளத்தோடு வந்ததும் விழித்துக்கொண்டது. இப்போது எழுத்தும் கேட்கிறான். தெலுங்கில் எழுதினால் 'ழ'வை எங்கே வைப்பது என்று தெரியவில்லையாம்.

எதிர்க்கட்சி வாதங்கள்

பெற்றோரின் கவலைகளை நான் தள்ளிவிடவில்லை. படிப்பு கெடும் என்பது முதல் கவலை. நியாயம். எங்கள் வீட்டில் பரீட்சை வரை சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் என்று ஒப்பந்தமாகியிருக்கிறது. மகள் சம்மதித்தாளே தவிர, முழு மனதோடு அல்ல. மதிப்பெண் குறைந்தால் சாமான் பரணுக்குப் போகும் என்பது ஷரத்து.

கெட்ட வார்த்தை என்பது இரண்டாவது. இந்த வகைப் பாட்டில் அது உண்டு. நம் வீட்டிலேயே பதிவு நடந்தால் நாம் காது கொடுக்கலாம். எங்கோ போய்ச் செய்தால் அதுவும் முடியாது.

மூன்றாவது, அடுத்தவர் பாட்டை வெட்டி ஒட்டுவது திருட்டில்லையா என்பது. இதில் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1991-லேயே, அனுமதியில்லாமல் பழைய பாட்டின் துண்டை எடுத்த ராப் பாடகருக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 வருஷம் பதிப்புரிமை உண்டு. பிடித்த சினிமாப் பாட்டிலிருந்து வெட்ட வேண்டாம். மோண்டா மார்க்கெட்டின் கூவல், மழைத் தண்ணீர், பாட்டியின் அம்மி என்று சொந்தமாகப் பதிந்து கட்டுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பாட்டியிடம் தவிர.

நம் சங்கம் செய்யக்கூடியது

செகந்திராபாதில் தமிழர்கள் நேற்று வந்தவர்கள் அல்ல. கன்டோன்மென்ட்டில் சென்னைப் படைகள் தங்கிய காலத்திலிருந்தே, பிறகு ரயில்வேயோடும், வந்து குடியேறியவர்கள். தெலுங்கும் தக்கனி உருதுவும் கலந்த ஒரு தனித் தமிழ் இங்கே உருவாகியிருக்கிறது. அதைப் பேசும் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் குரல் எங்கே இருக்கிறது? ஆண்டு மலர்களில் போட்டோ இருக்கிறது, குரல் இல்லை.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு என் கோரிக்கை இதுதான். நம் கட்டடத்தில் பழைய பேனர்களும் உடைந்த நாற்காலிகளும் அடைந்து கிடக்கும் பின்னறையைக் காலி செய்து தாருங்கள். இரண்டு டைனமிக் மைக், ஒரு யு.எஸ்.பி பெட்டி, இரண்டு ஹெட்போன், ஒரு கம்ப்யூட்டர், சுவருக்கு நாலு பஞ்சு மெத்தை. ஒரு லட்ச ரூபாய்க்குள் முடிக்கலாம். சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகள் வந்து தங்கள் பாட்டைப் பதியட்டும். வாடகை பணமாக வேண்டாம். ஒரு மணி நேரம் பாட்டுப் பதிகிறவன், ஒரு பெரியவரின் பேச்சை ஒரு மணி நேரம் பதிந்து தர வேண்டும். சொந்த ஊர், இங்கே வந்த கதை, செய்த வேலை, அந்த வேலையின் சொற்கள். பேசுபவரின் சம்மதம், பெயர், தேதி எல்லாம் ரயில்வேப் பராமரிப்புப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு பதிவும் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு அறை கிடைக்கும். பெரியவர்களுக்குக் கேட்பதற்கு ஆள் கிடைக்கும். இன்று இரண்டு தரப்புக்கும் இல்லாதவை இவைதான்.

சென்ற வாரம் பேரன் தன் ரயில் பாட்டை முடித்தான். எவர்சில்வர் டப்பா ஓட, நடுவில் என் குரலில் நாலு வார்த்தை. மகள் சமையலறையிலிருந்து கேட்டாள். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, அந்த ரப்பர் கட்டைகளில் ஒன்றை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

1996-ல் நான் மறுத்ததற்கு இப்போது பரிகாரம் கிடையாது. இனி மறுக்காமல் இருக்கலாம், அவ்வளவே. அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கோரிக்கையை எழுத்து மூலம் கொடுக்கப் போகிறேன். அன்பர்கள் ஆதரிக்க வேண்டும். அந்தப் பின்னறையின் ஒயரிங் வேலையும் எர்த்தும் என் பொறுப்பு. கூலி வேண்டாம்.